புது பேட் போட்ட பிறகு பிரேக் பெடல் அமுங்குகிறது: மலை இறக்கத்தில் எடுத்துப் போகலாமா?

தேயிலைத்தூள்

வணக்கம். கோத்தகிரியில் இருக்கிறேன். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் உள்ள சின்ன பெட்ரோல் கார், 2014 மாடல். முன் சக்கரத்தில் கிரீச் சத்தம் வந்ததால் மேட்டுப்பாளையத்தில் ஒரு பட்டறையில் விட்டேன். இரண்டு காலிப்பரையும் (பேட்டை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பகுதி) கழற்றி சீல் கிட் மாற்றி, புது பேட் போட்டு, பிரேக் ஆயிலும் மாற்றியதாக பில் இருக்கிறது.

எடுக்கும்போதே பெடல் பஞ்சு மாதிரி இருந்தது. கேட்டதற்கு "புது பேட் சார், ஓட ஓட செட் ஆயிடும்" என்றார்கள். மலை ஏறும்போது பெரிதாகத் தெரியவில்லை. ஊருக்குள் ஓட்டும்போதுதான் தெரிகிறது. முதல் மிதிக்குப் பெடல் பாதிக்கு மேல் இறங்கிவிடுகிறது. விட்டுவிட்டு மறுபடி மிதித்தால் மேலே வந்து பிடிக்கிறது. அழுத்திப் பிடித்தால் வண்டி இடது பக்கம் இழுக்கிறது. ஆயில் அளவு குறையவில்லை, கீழே ஒழுகலும் இல்லை.

இது போதாதென்று வலது பக்க மட்கார்டில் பிரேக் ஆயில் கொட்டி, துடைக்காமல் விட்டு, பெயின்ட் சுருங்கிப்போயிருக்கிறது. ஒரு வீல் நட்டைக் கையாலேயே திருப்ப முடிந்தது!

போன் செய்தால் "கீழே கொண்டு வாங்க, பாத்துடலாம்" என்கிறார்கள். இந்தப் பெடலோடு குஞ்சப்பனை வழியாக இறங்குவதா? இங்கே வேறு மெக்கானிக்கிடம் காட்டினால் "வேற ஆள் கை வெச்சுட்டான்" என்று அவர்கள் கழன்றுகொள்வார்களோ என்றும் பயம்.

கீர் ரெண்டு

இறக்காதீங்க. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 30 கி.மீ.க்கு மேல், கிட்டத்தட்ட 1,500 மீட்டர் இறக்கம். இரண்டாவது கியரில் விட்டாலும் வளைவில் பஸ் எதிரே வந்தால் உங்களுக்கு வேண்டியது முதல் மிதிதான், இரண்டாவது மிதி இல்லை. ஹேண்ட் பிரேக்கை நம்பிப் போகலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீங்க, அது பின் சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும்.

அப்புறம் என்ன ஆயில் ஊற்றினார்கள் என்று பில்லில் பாருங்க. டாட் 3 ரக பிரேக் ஆயில் புதுசாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி, டாட் 4க்கு 230. ஈரத்தை இழுத்துவிட்டால் அதே அளவு 140, 155 என்று இறங்கிவிடும். திறந்து கிடந்த பழைய டப்பாவிலிருந்து ஊற்றியிருந்தால் நீண்ட இறக்கத்தில் ஆயில் கொதித்து, பெடல் தரையைத் தொடும்.

பழைய பட்டறை

தம்பி, "ஓட ஓட செட் ஆகும்" என்பது பாதி உண்மை. புது பேட் டிஸ்க்கோடு ஒட்டிப் பழகக் கொஞ்ச தூரம் ஓட வேண்டும். ஆனால் அது பிடிமானத்தைப் பற்றிய விஷயம். பெடல் அமுங்குவதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சின் ஓடும்போது பெடலை ஒரே அழுத்தமாக மிதித்துப் பிடியுங்கள். மெதுவாகக் கீழே போய்க்கொண்டே இருந்தால் பெடலிலிருந்து ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் சீல் போயிருக்கலாம். போகாமல் நின்றால், ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்துவிட்டு மறுபடி மிதியுங்கள். இப்போது பெடல் உயரத்திலேயே பிடித்தால் பின் டிரம்மில் ஷூ தளர்வாக இருக்கிறது என்று அர்த்தம், அட்ஜஸ்ட் செய்தால் போதும்.

இரண்டும் இல்லையென்றால் பிரேக் ஆயிலுக்குள் காற்று அடைபட்டிருக்கிறது. ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி, டார்ச் அடித்து காலிப்பரின் பின்பக்கம் பாருங்கள். ஏர் எடுக்கும் நிப்பிள், சின்ன ரப்பர் மூடி போட்டிருக்கும். அது மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா? படம் எடுத்துப் போடுங்கள். நீங்கள் எதையும் கழற்ற வேண்டாம்.

தேயிலைத்தூள்

பார்த்துவிட்டேன் அண்ணா. பெடல் தானாக இறங்கவில்லை. ஹேண்ட் பிரேக் போட்டும் வித்தியாசம் இல்லை. நிப்பிள் இரண்டு பக்கமும் கீழே இருக்கிறது. படம் போட்டிருக்கிறேன். வலது பக்க பிரேக் ஆயில் ஓஸ் (ரப்பர் குழாய்) முறுக்கிக்கொண்டு நிற்பதும் தெரிகிறது.

பழைய பட்டறை

நினைத்தேன். இடது காலிப்பரை வலதிலும் வலதை இடதிலும் மாட்டியிருக்கிறார்கள். பல வண்டிகளில் இரண்டும் போல்ட்டுக்குச் சரியாக உட்கார்ந்துவிடும், அதனால் மாட்டுகிறவனுக்குச் சந்தேகமே வராது. ஒரே தட்டில் இரண்டையும் போட்டுக் கழுவியிருப்பான்.

காற்று எப்போதும் மேலேதான் போய்த் தங்கும். நிப்பிள் கீழே இருந்தால் எத்தனை முறை பம்ப் அடித்து ஏர் எடுத்தாலும் சுத்தமான ஆயில்தான் வரும், பார்க்கிறவனும் வேலை முடிந்தது என்று நினைப்பான். மேலே அடைபட்ட காற்று அங்கேயேதான் இருக்கும். நீங்கள் மிதிக்கும்போது முதலில் அதுதான் சுருங்குகிறது.

பக்கம் மாற்றி மாட்டச் சொல்லுங்கள். ஓஸ் போல்ட்டைக் கழற்றினால் இரு புறமும் உள்ள செம்பு வாஷரைப் புதிதாகப் போட வேண்டும், பழையதைத் திருப்பிப் போட்டால் பிறகு கசியும். வீல் நட்டுகளை இப்போதே ஸ்பானர் போட்டு முறுக்கிவிடுங்கள்.

வக்கீல் குமாஸ்தா

கழற்றும் முன் நிப்பிள், ஓஸ், நட்டு, பெயின்ட் எல்லாவற்றையும் தேதி தெரியும்படி வீடியோ எடுத்து வையுங்க சார். பட்டறைக்கு வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்புங்க: இன்ன வேலை, இன்ன குறை, வண்டி இறக்கத்தில் ஓட்டும் நிலையில் இல்லை, நீங்களே ஆள் அனுப்பிச் சரிசெய்து தாருங்கள், இல்லையென்றால் இங்கே செய்து பில்லை உங்களிடம் கேட்பேன் என்று. போனில் சண்டை போட்டுப் பலன் இல்லை.

மசியவில்லை என்றால் 1915க்கு அழைத்து நுகர்வோர் உதவி மையத்தில் பதியலாம். அதற்கும் மேல் போனால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இது சேவைக் குறைபாடு. பட்டறை கோவை மாவட்டத்தில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, 2 வருடத்துக்குள் போட வேண்டும். வேறு மெக்கானிக் பார்த்தால் என்ன கண்டார் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்க, வாய்வார்த்தை அங்கே நிற்காது.

தேயிலைத்தூள்

படத்தையும் வீடியோவையும் அனுப்பியதும் பேச்சின் தொனியே மாறிவிட்டது. "ஆள் அனுப்பறேன் சார்" என்றார். பையன் ஸ்பானர் பையோடு பஸ்ஸில் ஏறி வந்தான். காலிப்பர்களைப் பக்கம் மாற்றி, ஏர் எடுத்தான். முதல் நிமிடம் வெறும் நுரையாக வந்தது! இப்போது பெடல் கல்லாக நிற்கிறது, முதல் மிதிக்கே பிடிக்கிறது.

ஆனால் இடது இழுப்பு இன்னும் கொஞ்சம் இருக்கிறது. வலது பேட்டைக் கழற்றிப் பார்த்தபோது ஓரத்தில் ஈரமாகப் பளபளத்தது. "உப்புத்தாள்ல தேய்ச்சா போயிடும்ணா" என்கிறான்.

பழைய பட்டறை

போகாது. பிரேக் ஆயில் பேட்டுக்குள் ஊறிவிட்டால் மேலே தேய்த்து என்ன பயன், சூடேறும்போது மறுபடி வெளியே வரும். வலது பக்கம் வழுக்குவதால்தான் இடது பக்கம் இழுக்கிறது. மட்கார்டில் கொட்டிய அதே ஆயில்தான் அங்கேயும் இறங்கியிருக்கும். டிஸ்க்கை பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்துவிட்டு நான்கு பேட்டையும் மாற்றச் சொல்லுங்கள், ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் இழுப்பு வேறு விதமாக வரும். பையன் மேல் கோபம் வேண்டாம், அவன் முதலாளியிடம் பேசுங்கள்.

தேயிலைத்தூள்

பேசினேன். பேட் அவர்கள் செலவு என்று ஒத்துக்கொண்டார், மறுநாள் பையன் கொண்டுவந்து போட்டான். இப்போது நேராக நிற்கிறது. பெயின்ட்டுக்குத்தான் "அது முன்னாடியே இருந்திருக்கும்" என்று இழுக்கிறார்.

அருவங்காட்டான்

பிரேக் ஆயில் பட்ட உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவினால் பெயின்ட் தப்பும், சுருங்கிய பிறகு தேய்த்து அடிப்பதைத் தவிர வழியில்லை. வண்டியை விட்ட அன்று எடுத்த போட்டோ ஏதாவது இருந்தால் தேடுங்க. எங்கள் பக்கம் சாவி கொடுக்கும் முன்பே வண்டியைச் சுற்றி வீடியோ எடுத்துவிடுவோம், மெக்கானிக் முறைத்தாலும் பரவாயில்லை.

தேயிலைத்தூள்

விட்ட அன்று பட்டறை வாசலில் நின்று வீட்டுக்கு அனுப்பிய படம் ஒன்று கிடைத்தது, வலது மட்கார்டு தெளிவாகத் தெரிகிறது. அதையும் அனுப்பிவிட்டேன். இரண்டு நீல டிக் வந்திருக்கிறது, பதில் இன்னும் இல்லை.

கீர் ரெண்டு

பதில் வரும்வரை வண்டியைக் கீழே கொண்டுபோகாதீங்க. முதலில் பக்கத்தில் உள்ள அரவேணு வரை மெதுவாகப் போய்த் திரும்பிப் பாருங்க. 50, 100 கி.மீ. ஓடிய பிறகு வீல் நட்டுகளை இன்னொரு முறை முறுக்கிப் பார்க்க மறக்காதீங்க.