டிவிடிகளை வைத்துக்கொள்வதா, 4கே-வுக்கு மாறுவதா?

தட்டுநிறைய:
என் அலமாரியில் மூன்று தலைமுறை குடியிருக்கிறது. கீழ்த்தட்டில் விசிடி, நடுவில் முந்நூறு டிவிடி, மேலே நாற்பது சொச்சம் புளூ-ரே. போன மாதம் 4கே டிவி வாங்கினேன். ஆசையாக ஒரு பழைய டிவிடியைப் போட்டால், நாலு பக்கமும் கறுப்புப் பட்டை, நடுவே ஜன்னல் மாதிரி படம். ஜூம் செய்தால் முகமெல்லாம் மெழுகு. இன்னொரு டிவிடி ஒரு மணி நேரம் ஒழுங்காக ஓடிவிட்டு ஒரே இடத்தில் நின்றுவிடுகிறது. துடைத்துப் பார்த்தாயிற்று, அதே இடம்தான்.

"எல்லாம் ஓடிடியில் இருக்கே, இது எதுக்கு?" என்கிறார்கள் வீட்டில். தூக்கிப்போட மனசு வரவில்லை. எல்லாவற்றையும் 4கே-யில் மறுபடி வாங்கவும் முடியாது. எதை வைப்பது, எதை விடுவது?

பழையரிமோட்:
நாலு பக்கப் பட்டைக்கு டிவியைத் திட்டாதீர்கள். ஆரம்பகால டிவிடிகள் பலவற்றில் அகலத்திரைப் படத்தை 4:3 சட்டத்துக்குள், அதாவது பழைய டிவியின் வடிவத்துக்குள் அடக்கி, மேலும் கீழும் கறுப்பை நிரப்பிவிட்டார்கள். இன்றைய அகல டிவியில் அந்தச் சட்டத்தின் இரு பக்கமும் கறுப்பு சேர்ந்துகொள்ளும். என்டிஎஸ்சி (அமெரிக்க டிவி முறை) டிவிடியில் இருப்பதே 480 கோடு. அதில் சினிமாஸ்கோப் படத்துக்கு மிஞ்சுவது சுமார் 270. அதை இவ்வளவு பெரிய திரைக்கு இழுத்தால் மெழுகாகத்தான் தெரியும். பிறகு வந்த அனமார்ஃபிக் டிவிடிகளில் (படத்தை அகலவாக்கில் நெருக்கிப் பதிந்து, பார்க்கும்போது விரித்துக் காட்டும் வகை) இந்தத் தொல்லை இல்லை. அதனால் முதலில் மாற்ற வேண்டியது இந்தப் பட்டைக்காரர்களைத்தான்.

நின்றுபோகும் டிவிடியை அவசரப்பட்டு எறியாதீர்கள். அது 8.5 ஜிபி இரட்டை அடுக்கு வட்டாக இருக்கும். முதல் அடுக்கு முடிந்ததும் லேசர் இரண்டாவது அடுக்குக்குக் குவியத்தை மாற்றியாக வேண்டும். வயதான பிளேயர் அங்கேதான் திணறும். வேறு பிளேயரில் போட்டுப் பாருங்கள். துடைக்கும்போது வட்டமாகச் சுற்றாமல் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக இழுங்கள். குறுக்கே விழுந்த கீறலைப் பிளேயர் சமாளித்துவிடும். வட்டமாகச் சுற்றும் தகவல் தடத்தோடு கூடவே ஓடும் கீறல் பொல்லாதது.

இனி என் கதை. எனக்குப் பிடித்த படம் ஒன்றுக்கு புளூ-ரே வந்ததும் வாங்கினேன், அன்றே டிவிடியை நண்பரிடம் தள்ளிவிட்டேன். படம் பளிச்சென்று இருந்தது. ஆனால் முதல் சண்டையிலேயே ஏதோ உறுத்தியது. துப்பாக்கிச் சத்தமே மாறியிருந்தது! பழைய மோனோ (ஒற்றைத் தட) ஒலியைத் தூக்கிவிட்டு, புதிதாகச் செய்த 5.1 சரவுண்ட் ஒலியை மட்டும் வைத்திருந்தார்கள். இயக்குநரின் விளக்க உரையையும் காணோம். நண்பரோ அதற்குள் அதை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார். அதே பதிப்பை எட்டு மாதம் தேடிப் பழையதாகப் பிடித்தேன். உறைக்குள் யாரோ படம் பார்த்த தேதிகளைப் பென்சிலால் குறித்து வைத்திருந்தார்கள், மொத்தம் ஆறு தடவை. அப்பேர்ப்பட்டவர் ஏன் விற்றார் என்று இன்றுவரை புரியவில்லை.

அதிலிருந்து புதியது வந்தாலும், ஒலி, வசன வரி, கூடுதல் இணைப்பு எல்லாம் ஒத்துப் பார்க்காமல் பழையதை வெளியே விடுவதில்லை.

நீலக்கதிர்:
4கே பற்றி ஒரு விஷயம். உறையில் 4கே என்று போட்டிருப்பதாலேயே மூலமும் 4கே என்று ஆகிவிடாது. 2000-களில் டிஜிட்டலாக முடித்த பல படங்களின் மாஸ்டரே (மூலப் பிரதியே) அதைவிடக் குறைந்த 2கே-தான். அவற்றில் எச்டிஆரால் (வெளிச்சம், நிறத்தின் வீச்சைக் கூட்டும் முறை) நிறம் கூடும், நுணுக்கம் பெரிதாகக் கூடாது. 35 மி.மீ. நெகட்டிவைப் புதிதாக ஸ்கேன் செய்து வெளியிட்ட படமென்றால் யோசிக்காமல் வாங்கலாம். 4கே வட்டுக்கு மண்டலப் பூட்டும் (ஒரு பகுதி நாடுகளின் பிளேயரில் மட்டும் ஓடும் தடை) கிடையாது. சாதாரண புளூ-ரே என்றால் ஏ, பி, சி மண்டலம் பார்த்து வாங்குங்கள்.

தோற்றகட்சி:
2006-இல் புளூ-ரேவை விட்டு, அதற்குப் போட்டியாக வந்த எச்டி-டிவிடி பக்கம் போன புத்திசாலி நான். 2008 பிப்ரவரியில் தோஷிபா அந்த எச்டி-டிவிடி கடையைக் கட்டியது. வட்டுகள் இன்னும் நன்றாகத்தான் இருக்கின்றன, பிளேயர்தான் செத்துவிட்டது. அதனால் வட்டைவிட பிளேயரைப் பற்றிக் கவலைப்படுங்கள். ஓப்போ 2018-லும் சாம்சங் 2019-லும் பிளேயர் தொழிலை விட்டுவிட்டன. முடிந்தால் உபரியாக ஒன்று வாங்கி வையுங்கள்.

விசிடிக்காகப் பழைய டிவிடி பிளேயர் ஒன்றை விடாதீர்கள், புதிய கருவிகள் பலவற்றில் விசிடி ஓடாது. இன்னொன்று, விசிடியில் தகவல் அடுக்கு இருப்பது லேபிளுக்குச் சற்றுக் கீழே. மேல்பக்கம்தானே என்று பேனாவால் அழுத்தி எழுதிவிடாதீர்கள். நீங்களே எழுதிய டிவிடி-ஆர் இருந்தால் இந்த வாரமே நகலெடுங்கள், அதன் சாயம் காலப்போக்கில் மங்கும்.

தட்டுநிறைய:
நின்றுபோன டிவிடியைப் பழைய லேப்டாப்பில் போட்டேன். அதே இடத்தில் அரை நொடி தயங்கிவிட்டு ஓடிவிட்டது! பட்டைக்காரர்களைத் தனியே எடுத்து அடுக்கினேன், பதினேழு தேறியது. அதில் நாலில் விளக்க உரை இருக்கிறது, அவை மறுபடி நடுத்தட்டுக்கே போய்விட்டன. பேனா எச்சரிக்கை கொஞ்சம் தாமதம், அத்தனை விசிடியிலும் என் கையெழுத்து இருக்கிறது.