கிண்டி குதிரை ரேஸ்: லாயத்துப் பக்கத்து நினைவுகள் இருக்கிறவங்க எழுதுங்க

லாயத்துப் பையன்:
எங்கப்பா கிண்டியில சைஸ், அதாவது குதிரையைப் பராமரிக்கிறவர். எண்பதுகள்ல விடியக்காலம் அஞ்சு மணிக்கு அவரோட நானும் லாயத்துக்குப் போவேன். குதிரை ஓடித் திரும்பினதும் அவர் முதல்ல பார்க்கிறது முன்னங்காலைத்தான். முழங்காலுக்குக் கீழே பின்பக்கத் தசைநாணைப் புறங்கையால மெல்லத் தடவுவார். லேசாச் சூடு தெரிஞ்சாலும் ட்ரெய்னர்கிட்ட ஓடுவார். ஓட்ஸும் குதிரைமசால் தீவனமும் வச்ச பிறகுதான் அவருக்கு டீ. ரேஸுக்குன்னு லேசான அலுமினிய லாடம் அடிப்பாங்க. அந்தச் சுத்தியல் சத்தம் கேட்டா எனக்கு வயித்துக்குள்ள என்னமோ பண்ணும்.

1974-லயே ரேஸை ஒழிக்கச் சட்டம் போட்டாச்சு; அந்தச் சட்டத்துக்குக் கோர்ட் குடுத்த தடையிலதான் ரேஸ் ஓடிக்கிட்டிருந்தது. 1996-ல 'இது திறமை, வெறும் அதிர்ஷ்டம் இல்ல'ன்னு சுப்ரீம் கோர்ட் சொன்னப்போ லாயத்துல ஸ்வீட் குடுத்தாங்க. என்னைக் கேட்டா தீர்ப்பு சரிதான். ஆனா சம்பளக் கவரோட, பந்தயம் கட்டுற டோட் கவுன்ட்டருக்குப் போய் வெறுங்கையோட வீடு திரும்பினவங்க எங்க தெருவுலயே இருந்தாங்க. அந்த வீட்டுப் பொம்பளைங்ககிட்ட இதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

முன்னெல்லாம், ரேஸுக்கு முன்னாடி குதிரைகளைச் சுத்தி நடத்திக் காட்டுற பேடாக்கோட கம்பியைப் பிடிச்சுக்கிட்டு குதிரையோட நடை, வயிறு, வேர்வை எல்லாம் பார்த்துட்டுத்தான் பணம் கட்டுவாங்க. டிவி வந்ததும் பெங்களூர், ஹைதராபாத் ரேஸை இங்க உக்காந்தே ஆட ஆரம்பிச்சாங்க. அப்பா தேய்ச்சுத் தேய்ச்சுப் பளபளன்னு கொண்டுவந்த குதிரை பேடாக்ல சுத்தும். திரும்பிப் பார்க்க ஆள் இருக்காது, எல்லார் கண்ணும் டிவியில. அவருக்கு அதுதான் ரொம்ப வலிச்சது. அப்புறம் பந்தயத்துக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதம் வந்து இருந்த கூட்டமும் கரைஞ்சது.

நீலகிரி வாசி:
ஊட்டியில கோடை சீசன்னா எங்களுக்கு ரேஸ்தான். பஸ் ஸ்டாண்டை ஒட்டியே மைதானம்; டிக்கெட் வாங்கக் காசில்லாம வெளியே நின்னே பார்ப்போம். பனி விலகாத காலையில குதிரை மூச்சு புகையா வரும். 2024 ஜூன்ல 52.34 ஏக்கரையும் அரசு எடுத்துக்கிச்சு. பூங்கா வந்தா ஊருக்கு நல்லதுதான். ஆனாலும் அந்தக் குளம்புச் சத்தத்துக்கு மனசு ஏங்குது. கிண்டி என்னாச்சு?

லாயத்துப் பையன்:
அதே வருஷம் செப்டம்பர்ல கிண்டி மைதானக் குத்தகையை அரசு ரத்து பண்ணி 160 ஏக்கரையும் சீல் வச்சாங்க. அப்பா அதைப் பார்க்க இல்ல. அவரோட குதிரைத் தேய்ப்பான் பிரஷ் என்கிட்ட இருக்கு. நாருக்குள்ள இன்னும் ரெண்டு மூணு செம்பட்டை முடி சிக்கியிருக்கு. நான் எடுக்கல.