மெக்சிகோ மல்யுத்தத்தில் எல்லாருமே 'ஜூனியர்' தானா?

தஞ்சை_ரசிகன்:
2005-ல் அமெரிக்க டபிள்யூ.டபிள்யூ.இ. மல்யுத்தத்தில் ரே மிஸ்டீரியோவும் எடி கெரெரோவும் டொமினிக் என்ற சின்னப் பையனுக்காக ஏணிச் சண்டை போட்டார்கள். பையன் யாருக்கு என்ற பத்திரத்தை ஒரு பெட்டியில் வைத்து ரிங்குக்கு மேலே தொங்கவிட்டிருந்தார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது, டிவி முன்னால் உட்கார்ந்து அழுதேன். அதே டொமினிக் 2023-ல் ரெஸில்மேனியா என்ற பெரிய நிகழ்ச்சியில் அப்பா ரே மிஸ்டீரியோவையே எதிர்த்து இறங்கினான். அதற்கப்புறம் மெக்சிகோ ஆட்டங்களைத் தேடிப் பார்க்க ஆரம்பித்தேன். அங்கே பாதிப் பேர் 'ஜூனியர்', மீதிப் பேர் 'இஹோ டெல்' யாரோ. இவர்கள் நிஜமாகவே மகன்களா? அப்பா பெயரை யார் கொடுக்கிறார்கள்?

முகமூடிப்பிரியன்:
'இஹோ' என்றால் மகன். வேலை விஷயமாக மெக்சிகோ சிட்டியில் இரண்டு வருடம் இருந்தேன், வெள்ளிக்கிழமை ராத்திரி ஆனால் அரேனா மெஹிகோ என்ற மல்யுத்த அரங்கில்தான் இருப்பேன். வாசலில் வாங்கிய ஒரு முகமூடி இன்னும் என்னிடம் இருக்கிறது. பின்மண்டையில் ஷூ லேஸ் மாதிரியே கயிறு கோத்துக் கட்ட வேண்டும். அதற்குக் காரணம் உண்டு. 1930-களில் மெக் கீ என்ற வீரர் கேட்டதற்காக அங்கே முதல் முகமூடியைத் தைத்தவர் அந்தோனியோ மார்த்தினெஸ் என்ற செருப்புத் தொழிலாளி. ஆட்டுத்தோலில் தைத்தார். அவருக்குப் பின் மகன் விக்தோர் அதே தொழிலுக்கு வந்தார். வீரர்கள் மட்டும் இல்லை, தைப்பவர்களும் பரம்பரைதான்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். பெயரைக் கொடுப்பது அப்பாதான், ஆனால் சுலபமாகக் கொடுத்துவிட மாட்டார். வெள்ளி முகமூடி போட்டு ஆடிய புகழ்பெற்ற வீரர் எல் சாந்தோவின் கடைக்குட்டி, கல்லூரிப் படிப்பை முடிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் இந்தப் பக்கம் வர முடிந்தது. 1982-ல் 'இஹோ டெல் சாந்தோ' ஆனார். 1984 பிப்ரவரியில் அப்பா இறந்தபோது முகமூடியோடுதான் புதைத்தார்கள். அந்த முகத்தைத் தன் முகமாக்கிக்கொண்டு பல பத்தாண்டுகள் ஆடுவது எவ்வளவு பெரிய பாரம் என்று யோசித்துப் பாருங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது ரே மெந்தோசா குடும்பத்துக் கதை. அவர் பெரிய சாம்பியன். பிள்ளைகள் வக்கீலாக, டாக்டராக வர வேண்டும் என்று ஆசைப்பட்டார். மூத்தவர்கள் இரண்டு பேரும் அப்பாவுக்குத் தெரியாமல் முகமூடி போட்டுக்கொண்டு ஆடப் போய்விட்டார்கள். ஒரு நாள் தெரிந்துவிட்டது. சரி, இதுதான் வழி என்றால் ஒழுங்காகக் கற்றுக்கொள்ளுங்கள் என்று அவரே பயிற்சியில் இறங்கினார். அப்புறம் ஐந்து மகன்களும் வியானோ ஒன்று முதல் ஐந்து வரை ஆனார்கள். வியானோ என்றால் நம் 'வில்லன்' தான். மூன்றாமவர் 2000 மார்ச் 17 அன்று, முகமூடியையே பந்தயம் வைத்து ஆடும் ஆட்டத்தில், அத்லாந்திஸ் என்ற வீரரிடம் தோற்று முகமூடியை இழந்தார். தோற்றவர் அங்கேயே, அத்தனை பேர் முன்னால், தன் சொந்தப் பெயரைச் சொல்ல வேண்டும். அந்த ஆட்டத்தை அவசியம் பாருங்கள். 2018-ல் அவர் காலமானார். அவருடைய மகன்கள் இப்போது முகமூடியோடு ஆடுகிறார்கள்.

கோவை_மீனா:
ரத்த உறவு மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். புளூ டீமன் ஜூனியர், புளூ டீமன் என்ற வீரரின் தத்துப்பிள்ளை. 2008-ல் என்.டபிள்யூ.ஏ. என்ற அமெரிக்க மல்யுத்த அமைப்பின் உலகப் பட்டத்தை வென்றார், முகமூடி வீரர் ஒருவர் அதை வென்றது அதுவே முதல் முறை. நீங்கள் சொன்ன ரே மிஸ்டீரியோவே ஆரம்பத்தில் 'ஜூனியர்' என்ற பெயரில் ஆடியவர்தான். ஆனால் மெக்சிகோவின் திஹுவானா நகரத்து மூத்த ரே மிஸ்டீரியோ அவருக்கு அப்பா இல்லை, அங்கிள். தொழிலைச் சொல்லிக்கொடுத்துப் பெயரையும் அவரே கொடுத்தார்.

அதே சமயம் ரத்தம் இருந்தாலே போதும் என்றும் சொல்ல முடியாது. எல் சாந்தோவின் பேரன் ஒருவர் 'சாந்தோவின் பேரன்' என்று பெயர் வைத்துக்கொண்டபோது இஹோ டெல் சாந்தோ கோர்ட்டுக்குப் போனார், பெயர் உரிமை அவரிடம் இருந்தது. பேரன் ஆக்ஸெல் என்ற பெயரில் ஆட வேண்டியதாயிற்று. சட்டப்படி சரியாகவே இருக்கட்டும், தாத்தா பெயரைச் சொல்லக்கூடாது என்பதை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை.

முகமூடிப்பிரியன்:
மீனா, அதில் எனக்கும் வருத்தம்தான். ஆனால் அந்தப் பெயரை இத்தனை வருடம் ரிங்கில் காப்பாற்றியவர் இஹோ டெல் சாந்தோ. அந்த உரிமையைச் சின்னதாக நினைக்கவும் முடியவில்லை.

தஞ்சை ரசிகருக்கு இன்னொன்று. டாக்டர் வாக்னர் என்ற வீரர் 1985-ல் முகமூடியை இழந்தார். மகன் வாக்னர் ஜூனியர் தன்னுடையதை 2017 ஆகஸ்ட் வரை காப்பாற்றி வைத்திருந்து, சைக்கோ க்ளௌனிடம் தோற்றார். அந்த சைக்கோ க்ளௌன் யார்? 1988-ல் மோன்தெரேயில் வியானோ சகோதரர்களிடம் முகமூடியை இழந்த பிராசோ தே பிளாத்தாவின் மகன்! வாக்னர் ஜூனியரின் மகனோ அதே வெள்ளை முகமூடியோடு ஜப்பானிலும் ஆடியிருக்கிறார்.

தஞ்சை_ரசிகன்:
இருவருக்கும் நன்றி. நேற்று ராத்திரி அந்த 2000 ஆட்டத்தைப் பார்த்தேன். வியானோ தன் பெயரைச் சொன்ன இடத்தில் நிறுத்தி, முதலிலிருந்து இன்னொரு முறை பார்த்தேன். ஒன்பது வயதில் அழுத மாதிரியே அழுதேன். அடுத்து ரே மெந்தோசா ஆடிய பழைய ஆட்டம் ஏதாவது கிடைக்குமா?