ஆயில் மாற்றி 300 கி.மீ.யில் இன்ஜின் சீஸ் (இறுகி நின்றது): செலவு யார் தலையில்?

கேள்வி: சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தது, கடகட சத்தம், வண்டி அப்படியே நின்றுவிட்டது. டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) ஆயிலே ஒட்டவில்லை. "விளக்கு எரிந்தும் ஓட்டினீர்கள்" என்று ஆயில் மாற்றிய ஒர்க்‌ஷாப் கைகழுவுகிறது. என்ன செய்யலாம்?

பதில் 1: முதலில் இன்ஜினைப் பிரிக்க விடாதீர்கள், பிரித்தால் ஆதாரம் போச்சு. அடிப்பக்கத்தைப் படம் எடுங்கள். டிரெயின் போல்ட்டை (பழைய ஆயிலை வடிக்கத் திறக்கும் போல்ட்) சுற்றி ஈரமா? வாஷரை மாற்றியிருக்க மாட்டார்கள், அல்லது சரியாக முறுக்கவில்லை. ஆயில் ஃபில்டர் விளிம்பில் வழிந்திருந்தால் வெளி மெக்கானிக் முன்னிலையில் கழற்றுங்கள். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டியிருக்க, அதன்மேல் புதியதை ஏற்றியிருக்கலாம். இரட்டை வளையம் அழுத்தம் தாங்காமல் பிதுங்கினால் சில நிமிடத்தில் ஆயில் காலி. ஃபில்டர், வளையம், போல்ட் மூன்றையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் 2: அந்த விளக்கு ஆயில் அளவைக் காட்டாது, அழுத்தத்தைத்தான் காட்டும். எரியும்போதே பேரிங் (சுழலும் தண்டைத் தாங்கும் பாகம்) உரசத் தொடங்கியிருக்கும். ஆனால் அதற்குப் பிறகு எவ்வளவு தூரம் ஓட்டினீர்கள்? உடனே அணைத்திருந்தால் உங்கள் பக்கம் வலு. பல கி.மீ. என்றால் செலவில் ஒரு பங்கு உங்களுக்கும் விழலாம்.

பதில் 3: சீஸ்தானா என்று உறுதிசெய்யுங்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, கிராங்க் புல்லி (இன்ஜின் தண்டின் முனையில் உள்ள சக்கரம்) போல்ட்டில் நீளக் கைப்பிடி போட்டுத் திருப்புங்கள். சுற்றாவிட்டால் சீஸ்தான். சுற்றினாலும் நிம்மதி வேண்டாம். ஃபில்டரை அறுத்துப் பாருங்கள். மடிப்புகளில் செம்பு நிறத் துகள் மின்னினால் பேரிங் போய்விட்டது.