வெளிச்சுவரில் கேஸ் பைப்: உப்புக்காற்றில் தாங்குமா?

கேள்வி:
சென்னையில் கடலை ஒட்டிய நான்கு மாடிக் கட்டடம், 12 வீடுகள். குழாய் எரிவாயுவுக்காகப் பின்சுவரில் மஞ்சள் ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) ஏற்றப்போகிறார்கள். ஏசி அவுட்டோர் யூனிட்டுகளும் அங்கேதான். பைப் துருப்பிடிக்காதா? பார்வைக்கு நன்றாக இருக்க டக்டுக்குள் (மூடிய குழாய்ப் பாதைக்குள்) விடலாமா? வேலை நடக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பதில் 1:
டக்ட் வேண்டவே வேண்டாம். மூடிய இடத்தில் கசிந்தால் வாயு அங்கேயே தேங்கும். வெளிச்சுவர் என்றால், குழாய் எரிவாயுவில் பெரும்பகுதியான மீத்தேன் காற்றைவிட லேசானது, மேலே போய்க் கலைந்துவிடும். பின்னாளில் பெட்டி அடித்தும் மூடாதீர்கள்.

துரு பெரும்பாலும் பைப்பின் நடுவில் தொடங்காது, மரையில்தான் தொடங்கும். மரை வெட்டும்போது துத்தநாகப் பூச்சு போய்விடும். பைப்புகளை இணைக்கும் எல்போ, சாக்கெட்டுக்கு வெளியே இரண்டு மூன்று மரை வெறும் இரும்பாகத் தெரியும், பாருங்கள். அங்கே ஜிங்க் பிரைமர் அடித்து, அதன்மேல் மஞ்சள் பெயின்ட் அடிக்கச் சொல்லுங்கள். ஆனால் கசிவுச் சோதனை முடிந்த பிறகுதான். முன்பே அடித்தால் சின்னக் கசிவைப் பெயின்ட் அடைத்துக் காட்டிவிடும். அந்தப் பெயின்ட் வெயிலில் விரிசல் விட்டதும் கசிவு வெளியே வரும்.

பதில் 2:
ஏசி தண்ணீர்க் குழாயின் வாய் பைப்புக்கு மேலே இருக்கக் கூடாது. நாள் முழுக்கச் சொட்டினால் எந்தப் பெயின்டும் நிற்காது. பைப் சுவரோடு ஒட்டாமல், பின்பக்கமும் பிரஷ் போகிற அளவு இடைவெளி விட்டுக் கிளாம்ப் போட வேண்டும். சுவரின் சிமென்ட் பூச்சில் மட்டும் பிடித்த ஆணி ஆடிவிடும், செங்கல் வரை துளை போக வேண்டும்.

சமையலறைக்குள் நுழையும் இடத்தில் ஸ்லீவ் (சுவர்த் துளைக்குள் பைப்பைச் சுற்றி வரும் உறைக் குழாய்) கட்டாயம். அது வெளிப்பக்கம் சற்றே சரிந்திருக்கட்டும், மழைநீர் உள்ளே வராது. ஸ்லீவுக்குள் ஜாயின்ட் கூடாது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. கசிவை நாங்களே பார்க்க முடியுமா?

பதில் 3:
முடியும். ரெகுலேட்டரைத் தாண்டி வீட்டுக்குள் வரும் அழுத்தம் 21 மில்லிபார்தான், அதாவது சுமார் 21 செ.மீ. உயரத் தண்ணீர் தரும் அழுத்தம். ஜாயின்ட்டில் சோப்பு நுரை தடவினால் குமிழி விடும். தீக்குச்சி வைத்துப் பார்க்கவே கூடாது.

இரவு அடுப்புக்கு முந்தைய வால்வை மூடிவிட்டு மீட்டரின் கடைசி இலக்கம்வரை குறித்து வையுங்கள். காலையில் நகர்ந்திருந்தால் மீட்டருக்கும் அந்த வால்வுக்கும் நடுவே கசிகிறது. மிகச் சின்னக் கசிவு மீட்டரை அசைக்காது, அதனால் நுரைச் சோதனையை விடாதீர்கள். வெளிச்சுவர் பைப் மீட்டருக்கு முன்னால் இருப்பதால் அதற்கு நுரை மட்டுமே வழி.

ரைசரின் (சுவரில் மேலே ஏறும் பைப்பின்) அடியில் உள்ள வால்வு எங்கே என்று 12 வீட்டுக்கும் தெரிய வேண்டும். அதன் முன்னால் பைக் நிறுத்த விடாதீர்கள்.