தந்தையார் விட்டுச் சென்ற கனிம மாதிரிகள்: அடையாளம் காணவும் காக்கவும் வழி வேண்டும்

வினா (சத்துவாச்சாரி, வேலூர்)

வணக்கம். பள்ளி ஆசிரியராக இருந்து மறைந்த என் தந்தையார் சேர்த்த நாற்பது கனிம மாதிரிகள் ஒரு மரப்பெட்டியில் உள்ளன. அவற்றுள் மூன்றைப் பற்றிக் கேட்க விரும்புகிறேன். "ஆலங்காயம், வ.ஆ. மாவட்டம்" (வட ஆற்காடு) என்று சீட்டு ஒட்டிய வெள்ளைக் கல், அளவில் சிறியதாயினும் கையில் எடுத்தால் மிகவும் கனக்கிறது. செவ்வாத்தூர்ப் பழுப்புக் கல் ஏடு ஏடாகப் பிரிகிறது. மூன்றாவதான பொன்னிறக் கல்லில், ஐப்பசி மழைக்குப் பின் வெண்பொடி பூத்து, அடியிலிருந்த பஞ்சும் சீட்டும் தொட்டாலே உதிர்கின்றன. அழுக்கென்று எண்ணி நீரில் கழுவினேன். சில நாள்களில் பொடி மீண்டும் வந்துவிட்டது.

மறுமொழி (திருப்பத்தூர், ஓய்வுபெற்ற நிலவியல் ஆசிரியர்)

அம்மா, பொன்னிறக் கல்லை இன்றே மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். நீங்கள் கூறும் அறிகுறிகள் பைரைட்டுக்கு உரியவை. இரும்பும் கந்தகமும் சேர்ந்த அக்கனிமம், காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டும்போது விரைந்து சிதைந்து இரும்பு சல்பேட்டாகவும் கந்தக அமிலமாகவும் மாறுவதால், அந்த அமிலமே பஞ்சையும் சீட்டையும் அரித்திருக்கிறது. இனி நீர் படவே கூடாது. உலர்ந்த மென்தூரிகையால் பொடியை நீக்கி, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் இட்ட காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். வார்னிஷ் பூசச் சொல்வோர் உண்டு. உள்ளே தங்கிய ஈரம் பூச்சுக்கு அடியிலும் அரிக்கும் என்பதால் நான் அதை ஏற்பதில்லை.

வெள்ளைக் கல்லைப் பொறுத்தவரை, ஆலங்காயம் பகுதியில் பேரைட்டு என்னும் கனமான கனிமம் கிடைக்கிறது. ஆயினும் ஊரை மட்டும் கொண்டு முடிவு செய்ய வேண்டாம். சுண்ணாம்புக் கனிமமான கால்சைட்டும் வெண்மையே, இரண்டிலும் கத்தி கீறும். சமையலறைத் தராசில் கல்லை எடைபோட்டுக் கொண்டு, பின்னர் நீர்ப் பாத்திரத்தைத் தராசில் வைத்து அளவைச் சுழியாக்கி, கல்லை நூலில் கட்டி அடியையும் பக்கங்களையும் தொடாமல் முழுவதும் மூழ்கவிடுங்கள். முதல் எடையை இப்போது காட்டும் எடையால் வகுத்தால் ஒப்படர்த்தி, அதாவது கல் நீரைவிட எத்தனை மடங்கு கனம் என்பது, கிடைக்கும்: கால்சைட்டுக்கு ஏறத்தாழ 2.7, பேரைட்டுக்கு 4.5.

மறுமொழி (ஆம்பூர்)

செவ்வாத்தூர், மைக்காவைப் போல் ஏடு ஏடாகப் பிரியும் வெர்மிகுலைட்டு என்னும் கனிமத்துக்குப் பெயர்பெற்ற இடம். தானாக உதிர்ந்த ஓர் ஏட்டை மட்டும் இடுக்கியால் பிடித்துத் தீயில் காட்டுங்கள். வெர்மிகுலைட்டாக இருந்தால் புழுப்போல் நீண்டு உப்பும், சாதாரணக் கருநிற மைக்கா அவ்வாறு உப்பாது.

சீட்டுகளை மாற்றி எழுத வேண்டாம் என்பது என் வேண்டுகோள். 1989-இல் வட ஆற்காடு மாவட்டம் பிரிந்தது. 2019-இல் வேலூரும் பிரிந்து ஆலங்காயம் திருப்பத்தூர் மாவட்டத்திற்குச் சென்றது. "வ.ஆ." என்ற அவருடைய எழுத்தே அது எக்காலத்தில் எடுக்கப்பட்டது என்பதற்குச் சான்று. இன்றைய மாவட்டப் பெயரைத் தனித் தாளில் எழுதி உடன் வையுங்கள். கல்லின் மறைவான பகுதியில் சிறு வெண்பூச்சிட்டு எண் எழுதிவிட்டால், சீட்டு உதிர்ந்தாலும் ஊர் தொலையாது.

வினா கேட்டவர்

இருவருக்கும் நன்றி. வெள்ளைக் கல் 432 கிராம். நீரில் தொங்கவிட்டபோது தராசு 98 காட்டியது. வகுத்தால் 4.4 வருகிறது, ஆகவே பேரைட்டு என்றே குறித்துக்கொண்டேன். செவ்வாத்தூர் ஏடு தீயில் பல மடங்கு நீண்டது. பைரைட்டின் சீட்டில் ஊர்ப்பெயரின் முதல் இரண்டு எழுத்துகளே எஞ்சியுள்ளன; அவற்றைப் படமெடுத்து வைத்துவிட்டு, தந்தையாரின் பழைய நாட்குறிப்புகளில் அவ்வூரைத் தேடி வருகிறேன்.