இணையவழி வகுப்பு: மாணவருக்குத் திருப்தி, விரிவுரையாளருக்கு இல்லை – ஏன்?

கேள்வி (இறுதியாண்டு மாணவி, ஏறாவூர்):
வணக்கம். இணையவழிக் கற்கையில் மாணவரும் விரிவுரையாளரும் அடையும் திருப்தியை என் ஆய்வுக்கு எடுத்திருக்கிறேன். முன்னோட்டமாக வழங்கிய வினாக்கொத்தில் மாணவர்கள் பெரும்பாலும் திருப்தி என்றும், அதே வகுப்புகளை நடத்திய விரிவுரையாளர்கள் திருப்தியில்லை என்றும் குறித்திருக்கிறார்கள். இதை எவ்வாறு விளக்குவது?

பதில் (ஓய்வுபெற்ற விரிவுரையாளர், கல்லடி):
மகள், இருவரும் வெவ்வேறு விடயங்களுக்குப் புள்ளி இட்டிருக்கிறார்கள். பொத்துவிலிலிருந்து வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு வந்து படிக்கும் பிள்ளைக்கு பஸ் காசும் அறை வாடகையும் மிச்சமானதே பெரிய திருப்தி. பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துப் பாடத்தின் வேகத்தைக் குறைத்தும் கூட்டியும் பழகிய எங்களுக்கோ, கமரா அணைக்கப்பட்ட கறுப்புச் சதுரங்களின் முன் இரண்டு மணி நேரம் பேசுவது கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போன்றது. “விளங்கியதா?” என்று கேட்டால் ஒரு சத்தமும் வராது.

தொலைக்கல்வி ஆய்வாளர் மைக்கேல் மூர் 1989 இல், மாணவர் பாடத்தோடும் ஆசிரியரோடும் சக மாணவரோடும் கொள்ளும் தொடர்பை மூன்றாகப் பிரித்துக் காட்டினார். உங்கள் வினாக்கொத்திலும் அவற்றைத் தனித்தனியாகக் கேளுங்கள். விரிவுரையாளர் பக்கத்துக்கு, பொலிகர், வாசிலிக் என்ற ஆய்வாளர்கள் 2009 இல் வெளியிட்ட, இணையவழியில் கற்பிப்போரின் திருப்தியை அளக்கும் அளவுகோல் உதவும். மாணவர், ஆசிரியர், நிறுவனம் ஆகிய மூன்றையும் சார்ந்த காரணிகளை அது பிரித்துப் பார்க்கிறது. நிறுவனம் சார்ந்ததை விட்டுவிடாதீர்கள். ஒரு விரிவுரையைப் பதிவுசெய்யச் செலவாகும் இரவுகளை எவரும் வேலைநேரமாகக் கணக்கிடுவதில்லை.

பதில் (தொழினுட்ப மாணவர், அக்கரைப்பற்று):
“திருப்தி” என்று குறிப்பவர்களில் நானும் ஒருவன். பதிவுசெய்த விரிவுரையை இரவில் திரும்பத் திரும்பக் கேட்க முடிந்தது உண்மையான நன்மை. ஆனால் செயன்முறைப் பாடத்தைக் காணொளியில் மட்டும் பார்த்துவிட்டு, பின்னர் ஆய்வுகூடத்தில் மின்சுற்றைப் பொருத்தச் சொன்னபோது என் கை நடுங்கியது. அதைக் கேட்கும் ஒரு கேள்வியும் நான் நிரப்பிய படிவங்களில் இருக்கவில்லை. எந்தக் காலத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்பதும் முக்கியம். 2020 இல், இலங்கைப் பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் (LEARN) வலையமைப்பூடான சூம் வகுப்புகளுக்கு டேட்டா கட்டணம் அறவிடப்படவில்லை. 2022 இல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்தது. இரண்டு ஆண்டுகளின் விடைகளையும் ஒன்றாகக் கூட்டிச் சராசரி எடுக்க முடியாது.

பதில் (கல்லடி):
தம்பி சொல்வது சரி. மகள், இன்னொன்று: தன் விடையை யார் பார்ப்பார் என்ற எண்ணமும் பிள்ளையின் விடையை மாற்றும். படிவத்தை மாணவர்களிடம் யார் கொடுத்தது?

பதில் (கேள்வி கேட்டவர்):
வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் விரிவுரையாளரே பகிர்ந்தார், ஐயா. பதிவிலக்கத்தையும் எழுதச் சொல்லியிருந்தேன்.